டிவியின் அடியில் ஓடிய வரி

என் மகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் கண்டுபிடித்தது ஒரு வியாழக்கிழமை, மூன்றாவது பீரியடில். அப்போது அவள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

கன்னடம் பேசும் ஊரில், தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்னத் தமிழ்ப் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். மகளும் என் வகுப்புதான், மூன்றாவது வரிசை. வீட்டில் அம்மா, வகுப்பில் மிஸ். இந்த விதியை என்னைவிட அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். அன்று எறும்பும் யானையும் வரும் பாடத்தை அவளைப் படிக்கச் சொன்னேன். எழுந்து நின்று, வரியின்மேல் விரல் வைத்து, ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். கேட்க அவ்வளவு அழகாக இருந்தது. மெல்ல நடந்து அவள் பின்னால் போய் நின்றேன். விரல் வரிவரியாக நகர்ந்துகொண்டிருந்தது. வாய் ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தது. புத்தகம் மட்டும் அடுத்த பாடத்தில் திறந்திருந்தது.

"நல்லா இருக்கு, உக்காரு" என்றேன்.

அன்று மாலை வீட்டில் வேறொரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். தனித்தனி எழுத்துகள் எல்லாம் தெரிந்தன. 'க' தெரியும், 'கு' தெரியும், 'ழு' கூடத் தெரியும். சேர்த்துச் சொல்லச் சொன்னால் என் முகத்தைப் பார்த்தாள். யோசித்துப் பார்த்ததில் தப்பு என்னுடையதுதான் என்று புரிந்தது. பி.எட். படித்தபோது சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு பாடத்தையும் நான் மூன்று முறை உணர்ச்சியோடு வாசித்துக் காட்டுவேன். அந்த மூன்று முறையில் அவளுக்குப் பாடம் மனப்பாடமாகிவிடும். பிறகு எழுத்தைப் பார்க்க அவளுக்கு என்ன அவசியம்?

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் நானே போய்ச் சொன்னேன். மறைத்திருக்கலாமோ என்று அதற்கப்புறம் பல நாள் யோசித்ததுண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"சொன்னது நல்லது மிஸ். மத்த பிள்ளைக்கு என்ன ரூலோ அதான் உங்க பிள்ளைக்கும். மார்ச்ல நானே டெஸ்ட் வைக்கறேன். பாக்காத பக்கம் ஒண்ணு குடுப்பேன். படிச்சா மூணாவது. இல்லன்னா இன்னொரு வருஷம் உங்க கிளாஸ்லயே இருக்கட்டும்."

டீச்சர் மகள் டீச்சர் வகுப்பிலேயே ஃபெயில். இதைவிடப் பெரிய செய்தி எங்கள் தெருவுக்கு வேண்டியதில்லை. போதாததற்கு, அவளைத் தமிழ் மீடியத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். நாத்தனாரின் பிள்ளைகள் இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தார்கள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோபாவில் ஏறி நின்று ரைம்ஸ் சொல்வார்கள். "உங்க பொண்ணு ஒண்ணும் சொல்லமாட்டாளா அண்ணி?" என்று நாத்தனார் கேட்பாள். இவள் எறும்பு யானைப் பாடத்தை ஒப்பிப்பாள். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கு யாரோ ஒரு கம்பெனிக்காரர் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தானமாகக் கொடுத்திருந்தார். அது தலைமை ஆசிரியையின் அறையில், பூப்போட்ட துணி உறையைப் போர்த்திக்கொண்டு இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் திரையின் நெற்றியில் அப்படியே இருந்தது, யாரும் துடைக்கத் துணியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு நாலு பேராக உள்ளே போய் மவுஸைத் தொட்டுவிட்டு வருவார்கள். இதை ஒட்டி எங்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் நடந்தது. இது கம்ப்யூட்டர் காலம், பிள்ளைகளின் கவனத்தைப் பிடிக்கப் புது வழிகள் வேண்டும் என்று பயிற்சி கொடுத்தவர் காலை முழுவதும் பேசினார். மத்தியானம், டிவி பார்க்கும் பிள்ளை படிக்காது என்றார். முதலாவதை எப்படிச் செய்வது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாவது புரிந்தது. நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அந்த வாரமே கேபிள்காரரை வரச்சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் சொன்னேன். நாற்பது வயதிருக்கும், தொப்பை வைத்த, நல்ல மனிதர். ஏணியில் பாதி ஏறியவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் டீச்சரம்மா, படம் கிளியரா வர்லியா?"

"கிளியரா வருது. அதான் பிரச்சினை."

பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை செய்த என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து டிவியைப் போட்டார். திரையில் பொரிப் பொரியாகப் புள்ளிகள்தான் வந்தன.

"அடுத்த வாரம் மேட்ச் இருக்கே" என்றார்.

"பொண்ணு படிப்பு முக்கியமா, மேட்ச் முக்கியமா?"

"ரெண்டும் முக்கியந்தான். நீ ஒண்ணத்தானே வெட்டியிருக்கே."

வீடு முழுக்க அட்டைகள் ஒட்டினேன். கதவில் 'கதவு', அடுப்பின் மேல் சுவரில் 'அடுப்பு', அலமாரியில் 'அலமாரி'. இரண்டே நாளில் மகள் எல்லா அட்டையையும் படித்தாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. அவள் தூங்கிய பிறகு 'அடுப்பு' அட்டையைக் கழற்றிக் கதவில் ஒட்டிவைத்தேன். காலையில் அதன் முன் நின்று, விரலை வைத்து, "க-த-வு" என்று நிதானமாகப் படித்துவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பினாள்.

ஒரே ஆறுதல், மாலையில் அவள் டிவி கேட்டு அழவில்லை. பக்கத்து வீட்டுப் பூனையோடு விளையாடப் போய்விடுவாள். எங்கள் காம்பவுண்டில் வரிசையாக ஐந்து வீடுகள். பச்சைக் கதவு வைத்த பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். கார்ப்பரேஷனில் தெருக் கூட்டும் வேலை. விடிவதற்கு முன்னே போய் மத்தியானம் திரும்பிவிடுவார். குழந்தைகள் இல்லை, ஒரு பூனை இருந்தது. அதை அவர் பூனை என்றே கூப்பிடுவார். மகள் அங்கே போவது எனக்கு நிம்மதியாக இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் குழாயடியில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரு, உன் பொண்ணு மட்டும் இல்லன்னா இன்னிக்கி எங்க வூட்டுல சொட்டுத் தண்ணி கெடையாது."

"ஏன்க்கா, அவ என்ன பண்ணா?"

"நேத்து டிவில கீழ ஓடிச்சாமே, காலைல தண்ணி வராது, சாயங்காலம் நாலு மணிக்குத்தான்னு. அவதான் படிச்சிச் சொன்னா. நான் உஷாரா நேத்தே ரெண்டு கொடம் புடிச்சி வச்சிட்டேன்."

"அவளா படிச்சா?"

"பின்ன நானா? எனக்குப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் தொடப்பம் புடிக்கறேன்? உன் நாற்காலில நான் உக்காந்திருப்பேன், நீ வந்து கூட்டிக்கினு இருப்ப."

எங்கள் பகுதி கேபிள்காரர் தனக்கென்று ஒரு சேனல் வைத்திருந்தார். அதில் நாள் முழுக்கப் படம் போடுவார். படத்தின் அடியில் ஒரு பட்டையில் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும். பிறந்தநாள் வாழ்த்து, காணாமல் போன சாவி, வாடகைக்கு வீடு, காதுகுத்து, தண்ணீர் வரும் நேரம். கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, நடுநடுவே இங்கிலீஷிலும் வரும். தெருவே அதைப் பார்த்துத்தான் காரியம் செய்தது.

ஆக, நான் டிவியை வெட்டினேன், அவள் பக்கத்து வீட்டில் போய் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு நப்பாசை. அந்த வரி தினமும் மாறுகிறதே, அதை எப்படி மனப்பாடம் செய்ய முடியும்? உடனே சந்தேகமும் வந்தது. தண்ணீர் விஷயத்தைக் குழாயடியில் யாராவது பேசியிருப்பார்கள், இவள் காதில் வாங்கியிருப்பாள். என்னை ஒரு தடவை ஏமாற்றியவள்தானே. நேராகக் கேட்டால் டிவி பார்த்ததற்குத் திட்டப் போகிறேன் என்று பயந்து அவள் வாயே திறக்கமாட்டாள். பூமியில் யாருக்கும் தெரியாத ஒரு வரி அந்தப் பட்டையில் ஓட வேண்டும், அதை அவள் படிப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். வேறு வழி இல்லை என்று தோன்றியது.

மறுநாள் பள்ளி விட்டதும், மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கேபிள்காரரின் மொட்டைமாடி அறைக்குப் படியேறினேன். வெளியே பெரிய பெரிய டிஷ்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து அவர் ஒற்றை விரலால் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. கனெக்‌ஷன் திரும்ப வேணுமா?"

"இல்ல. ஒரு வரி ஓட்டணும்."

"பர்த்டேவா? குந்துங்க, ஆனா லேட்டாகும். தமிழ் அடிக்கறவரு ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனில சேந்துட்டாரு. நான் 'ஞ' எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ள படம் இன்டர்வெல் வந்துடுது. ஒரே பேஜாரு."

கீபோர்டைப் பார்த்தேன். பழைய தமிழ் டைப்ரைட்டரின் அதே வரிசை. கல்யாணத்துக்கு முன்னால், லீவில் சும்மா இருக்கக் கூடாது என்று அப்பா சேர்த்துவிட, தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். எதற்காகப் படித்தோம் என்று பத்து வருடமாக எனக்கே தெரியாமல் இருந்த படிப்பு. "நான் அடிக்கட்டுமா?" என்று கேட்டு உட்கார்ந்தேன். அவர் வைத்திருந்த கோயில் திருவிழா அறிவிப்பையும் வீடு வாடகை அறிவிப்பையும் ஐந்து நிமிடத்தில் அடித்து முடித்தேன்.

"அய்யோ, சக்கத்தா, சூப்பரா அடிக்கிறீங்களே! தெனம் வந்து அடிச்சுக் குடுங்க, கனெக்‌ஷன் ஃப்ரீ."

"எனக்குக் கனெக்‌ஷன் வேண்டாங்க."

என் வரியை என்னவென்று அடிப்பது? யாரையும் கலவரப்படுத்தக் கூடாது. யாருக்கும் நஷ்டம் வரக் கூடாது. ஊகித்தும் சொல்லிவிடக் கூடாது. யோசித்து யோசித்து இப்படி அடித்தேன்: 'பச்சைக் கதவு வீட்டில் நாளை மாலை பூனைக்குப் பெயர் வைக்கிறார்கள்.' அரை மணி நேரம் கழித்து, மெதுவாக ஓட்டச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தொழில் நாணயம். எத்தனையோ வீட்டு விசேஷங்களை ஓட்டியவர், இதையும் ஒரு விசேஷமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். டிவி ஓடுவதைப் பார்த்தும் நான் ஒன்றும் சொல்லாததில் மகளுக்கு ஆச்சரியம். மடியில் பூனையோடு தரையில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு மறந்துவிட்டாள். படத்தில் ஒருவர் இன்னொருவரைத் துரத்திக்கொண்டிருந்தார். கீழே வாடகை வீடு போயிற்று. திருவிழா போயிற்று. அப்புறம் என் வரி வந்தது.

"பச்... பச்சைக்... க-த-வு... கதவு... வீட்டில்..." அவள் உதடுகள் முணுமுணுத்தன. எழுத்து இடது ஓரத்தில் மறைவதற்குள் பிடிக்கிற அவசரம். "நாளை... மாலை... பூ... பூனைக்கு... பெ-ய-ர்..."

சட்டென்று நிறுத்தினாள். மடியிலிருந்த பூனையைப் பார்த்தாள்.

"அக்கா! நம்ம பூனைக்குப் பேர் வைக்கறாங்களாம்!"

"யாரு?"

"நீங்கதான்! பச்சைக் கதவுன்னு போட்டிருக்கு!"

"என் வூட்டுல விசேஷமா? எனக்கே சொல்லாமயா?" என்று அக்கா எழுந்து போய்த் தன் கதவைத் திறந்து நிறத்தைப் பார்த்தார்.

நான் அக்கா கொடுத்த கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஏன் டீச்சரு கண்ணு கலங்கற? காமெடிப் படந்தானே இது?"

அதற்குள் வரி இரண்டாம் சுற்று வந்தது. மகள் இந்த முறை வேகமாகப் படித்தாள். கடைசியில் இன்னும் இரண்டு சொல் இருந்தது. "அ-னை-வ-ரும்... வருக." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை நான் அடிக்கவே இல்லை. விசேஷம் என்றால் 'அனைவரும் வருக' இல்லாமல் முடியாது, டீச்சரம்மா மறந்துவிட்டார் போல என்று கேபிள்காரர் தானே தேடித் தேடி அடித்துச் சேர்த்திருக்கிறார்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிடம் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். "அடிப்பாவி டீச்சரு" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்தவே முடியவில்லை. "வரவங்க வரட்டும். ரவை இருக்கு, கேசரி கிண்டலாம் வா."

வந்தார்கள். மறுநாள் ஐந்து மணிக்குக் காம்பவுண்டில் நிற்க இடமில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் எல்லாரும் அந்தப் பட்டையைப் படிக்கிறவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் பால் பாக்கெட் கொண்டுவந்தார். வரியில் 'பூனைக்கு' என்ற சொல்லை மட்டும் தவறவிட்ட ஒரு தாத்தா, குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று நினைத்துத் தேங்காயும் வெற்றிலைபாக்கும் வைத்த தட்டோடு வந்துவிட்டார். பூனையைக் காட்டியதும் கொஞ்ச நேரம் திகைத்தார். பிறகு, கொண்டுவந்ததைத் திருப்பிக்கொண்டு போவது மரியாதையில்லை என்று தட்டை அதன் முன்னாலேயே வைத்தார்.

ஆளாளுக்கு ஒரு பெயரைக் கத்தினார்கள். என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. "சும்மா சொன்னா செல்லாது. எழுதிக் குடுக்கணும்" என்றேன். கை வலிக்கிறது, பென்சில் இல்லை என்று வகுப்பில் தினமும் ஒரு காரணம் சொல்கிற பிள்ளைகள் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு எழுதினார்கள். சீட்டுகளை மகள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். சில கையெழுத்து எனக்கே புரியவில்லை, அவள் படித்தாள். கடைசியில், கேசரி கிண்டிய உரிமையில் அக்கா தீர்ப்பு சொன்னார். பூனைக்குக் 'கேபிள்' என்று பெயர் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் பள்ளி விட்டதும் பத்து நிமிடம் மொட்டைமாடிக்குப் போனேன். கேபிள்காரரின் அறிவிப்புகளை அடித்துக் கொடுப்பேன், கூடவே பிள்ளைகளுக்கென்று ஒரு வரி. 'காம்பவுண்டுகளில் எத்தனை முருங்கை மரம்? எண்ணி வரவும்.' 'நாளை யாருக்கு நீல ரிப்பனோ, அவர் முதல் வரிசை.' காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே பதில் கத்துவார்கள். பார்க்காதவர்கள், பார்த்தவர்களிடம் என்ன ஓடியது என்று எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள். வகுப்பில் பாடத்தை நானே முதலில் வாசித்துக் காட்டும் பழக்கத்தை விட்டேன். அதைக் கரும்பலகையில் எழுதித் துணியால் மூடி, ஓர் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லும் வெளியே வர வர முப்பது குரல் துரத்தியது.

நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. பயிற்சியில் எழுதி இரண்டு கோடு போட்ட வரி நோட்டில் அப்படியே இருந்தது. ஓடுகிற எழுத்து கண்ணைக் கெடுக்குமோ? டிவி பார்க்க நானே பழக்குகிறேனோ? வீட்டில் இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொன்ன நாளில் கணவர் முதல் வேலையாக ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார்.

தலைமை ஆசிரியை காதுக்கும் போயிற்று.

"என்ன மிஸ், ஹோம்வொர்க்க டிவில குடுக்கறீங்களாமே?"

நடந்ததை எல்லாம் சொன்னேன், பூனை உட்பட. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மார்ச்ல பாக்கலாம்" என்றார்.

மார்ச் வந்தது. மகளை அவர் அறைக்குள் அழைத்துக்கொண்டார். என்னை வராந்தாவில் நிற்கச் சொன்னார். வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதுவதுபோல நின்றேன். அதில் ஒரே பெயருக்கு மூன்று முறை டிக் போட்டிருந்ததைப் பிறகு பார்த்தேன். ஜன்னல் வழியே மேஜையின் பாதி தெரிந்தது. அவர் அலமாரியிலிருந்து ஏதோ ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்து வைத்தார்.

சத்தமே இல்லை. பத்து எண்ணினேன். பிறகு குரல் வந்தது. மெதுவாக, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், ஒரு சொல், இடைவெளி, அடுத்த சொல். எனக்கும் தெரியாத கதை. ஒரு வியாபாரி, ஒரு கழுதை, ஆற்றங்கரை. ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள், தாண்டிவிட்டாள். அப்படியே அடுத்த வரி.

ஆனால் ஏதோ உராயும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். அவள் தலை அசையவில்லை. கண்ணும் ஒரே இடத்தில் இருந்தது. இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல இடப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். வரி முடிந்ததும் புத்தகத்தை வலது ஓரத்துக்குத் தள்ளி, மறுபடி இழுத்தாள். நாலாவது வரியில் பேனா ஸ்டாண்ட் விழுந்தது. தலைமை ஆசிரியை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆறாவது வரியில் தண்ணீர் டம்ளரையும் எடுத்துக்கொண்டார்.

பக்கம் முடிந்தது.

"ஏம்மா புக்க இழுத்துக்கிட்டே படிக்கற?"

"அப்பத்தான் மிஸ் எழுத்து ஓடும்."

"ஓடலன்னா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "ஓடலன்னா அது நிக்கும் மிஸ். நிக்கறத அப்புறமாக்கூடப் படிச்சுக்கலாமே."

உள்ளே ஒரு விநோதமான சத்தம் கேட்டது. அந்த அம்மா சிரிப்பதை நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு, "கழுத ஏன் ஆத்துல எறங்கல?" என்று அவர் கேட்டதும், மகள் பதில் சொன்னதும் கேட்டது. சரியான பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கதையைக் கேட்கவே இல்லை, குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. ஒரு கையில் பேனா ஸ்டாண்டும் மறு கையில் டம்ளருமாகத் தலைமை ஆசிரியை நின்றார்.

"மூணாவதுக்கு அனுப்பலாம் மிஸ்" என்றார். "ஆனா நீளமான பெஞ்சாப் பாத்து உக்கார வைங்க. பக்கத்துல யாரையும் போடாதீங்க."